பாட்டு வருது... பேச்சு வரலை!

காலை ஏழரை மணிக்கு கள்ளிக்குப்பத்தில் ரோட்டைக் கடப்பது ஒரு தனிக் கலை. ஒரு பக்கம் செங்குன்றத்திலிருந்து வருகிற லாரி, இன்னொரு பக்கம் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பறக்கிற பைக், நடுவில் 'ஸ்டேஷன், ஸ்டேஷன்' என்று கூவுகிற ஷேர் ஆட்டோ. இவ்வளவு இரைச்சலையும் மீறி, எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தர் கணீரென்று கூத்துப் பாட்டு பாடுவார். அர்ஜுனன் திரைக்குப் பின்னால் நின்று பாடுகிற பாட்டு. வார்த்தை சுத்தம், தாளம் சுத்தம். டிபன் பாக்ஸோடு ஓடுகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, வாட்சைப் பார்த்துவிட்டு, ஓடுவார்கள்.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒரு நாள் ஆசையாக வந்து கேட்டார்:

"ஐயா, பிரமாதமா பாடறீங்க. உங்க பேரு?"

பாடியவர் அவரைப் பார்த்தார். வாயைத் திறந்தார். "அது... வந்து... அது..."

அவ்வளவுதான். பேர் வரவில்லை. வந்தவர் 'திமிர் பிடிச்ச கிழம்' என்று நினைத்திருப்பார். பாவம், அவர் மேல் தப்பில்லை. அரை மணி நேரம் பாரதம் பாடுகிற ஆசாமிக்குத் தன் பேரைச் சொல்ல முடியாது என்றால் யார் நம்புவார்கள்?

அவர் என் பெரியப்பா. காஞ்சிபுரத்தில் பட்டு நெய்தவர். பகலில் தறிக் குழி, ராத்திரியில் கூத்துக் கொட்டகை. கூத்தில் முகவீணை வாசிப்பார், பின்பாட்டும் பாடுவார். முகவீணை தெரியாதவர்களுக்கு: பார்க்க நாகஸ்வரத்தின் குட்டித் தம்பி மாதிரி இருக்கும். சத்தத்துக்குக் குறைவிருக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு, தூங்கி வழிகிற ஊரை எழுப்புவதற்கென்றே செய்த வாத்தியம்.

சின்ன வயசில் லீவுக்குப் போனால் அவர் தறிப் பக்கத்தில்தான் எனக்கு இடம். வலது கை நாடாக் கயிற்றை இழுக்கும், இடது கை அச்சுப் பலகையை அடிக்கும், கால் இரண்டும் குழிக்குள் மிதியை மாற்றி மாற்றி மிதிக்கும். சும்மா இருக்கிற ஒரே உறுப்பு வாய்தானே? அது பாடும். அந்த வாரம் கூத்தில் என்ன கதையோ அதன் பாட்டு. ஒத்திகைக்குத் தனியாக நேரம் ஏது? தறிதான் அவருக்கு மிருதங்கம். திரௌபதி அழும்போது தறி மெதுவாகும். பீமன் வந்துவிட்டால் பெரியம்மா உள்ளேயிருந்து கத்துவாள்: "மெதுவா அடிய்யா, இழை அறுந்துரப் போவுது!"

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அவருடைய வாய் ஒரு பக்கம் கோணியது. வலது கை தொங்கியது. பேச்சு குழறியது. நாங்கள் என்ன செய்தோம்? சொன்னால் வெட்கம். 'வாயுப் பிடிப்பு' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தைலம் தேய்த்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு என்றால் அதைக் கரைக்கிற ஊசிக்கு கெடு நாலரை மணி நேரம். அதை எங்களிடம் டாக்டர் சொன்னபோது ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. முகம் கோணினால், கை தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால் 108-க்கு போன் போடுங்கள், ஸார். தைலம் எங்கேயும் ஓடிப் போகாது.

உயிர் பிழைத்தது. வலது கை வரவில்லை. முகவீணைக்கு இரண்டு கை வேண்டும். தறிக்கு இரண்டு கையும் போதாது, இரண்டு காலும் வேண்டும். இரண்டு தொழிலும் ஒரே காலையில் போயிற்று. பேச்சு? கேட்பது எல்லாம் புரியும். சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கும். வார்த்தை மட்டும் வெளியே வராது. இதற்கு 'அஃபேஸியா' என்று பேர். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சின் ஆபீஸ் மூளையின் இடது பக்கத்தில்தான். அங்கே அடி பட்டால் வலது கையும் பேச்சும் சேர்ந்தே லீவு போட்டுவிடும்.

கள்ளிக்குப்பத்துக்கு அழைத்து வந்த நாலாவது நாள் ராத்திரி பெரியம்மா என்னை உலுக்கி எழுப்பினாள். "டேய் தம்பி, உங்க பெரிப்பா பாடறாருடா!" ஓடிப் போய்ப் பார்த்தால், கரெண்ட் போன இருட்டில், ஃபேன் நின்ற புழுக்கத்தில், மனுஷர் முழுப் பாட்டையும் பாடிக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை பிசகவில்லை. "தண்ணி வேணுமா பெரிப்பா?" என்று கேட்டேன். "அது... வந்து..."

பேய் கீய் பிடித்துவிட்டதோ என்று பெரியம்மா ஒரு எலுமிச்சம்பழத்தைத் தேட ஆரம்பித்தாள். நான் இன்டர்நெட்டைத் தேடினேன். இது பேய் இல்லை, ரொம்பப் பழைய சமாசாரம் என்று தெரிந்தது. 1745-லேயே ஸ்வீடன் நாட்டில் ஓலாஃப் டாலின் என்பவர் இப்படி ஒரு ஆளைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். ஒரு விவசாயியின் மகன். வியாதிக்குப் பிறகு பேச்சு போய்விட்டது. ஆனால் சர்ச்சில் முன்பே கற்றுக்கொண்ட பாட்டுகளை, பக்கத்தில் யாராவது எடுத்துக் கொடுத்தால், வார்த்தையோடு பாடிவிடுவானாம்!

1973-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்று மூன்று பேர் இதையே வைத்தியமாக்கினார்கள். முதலில் நோயாளியின் இடது கையைப் பிடித்து, ஒரு அசைக்கு ஒரு தட்டு. அந்தத் தட்டுக்கு ஒரு முனகல். அப்புறம் முனகலில் ஒரு சின்ன வாக்கியம்: 'தண்ணி வேணும்' மாதிரி. அப்புறம் பாதிப் பாட்டு, பாதிப் பேச்சு. கடைசியில் பாட்டைக் கழற்றிவிட்டு வெறும் பேச்சு. சைக்கிள் பழகும்போது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, தெரியாமல் கையை விட்டுவிடுவோமே, அதே டெக்னிக்.

எங்களுக்கு வாய்த்த ஸ்பீச் தெரபி மேடம் பொறுமைசாலி. பெரியப்பாவின் இடது கையை மேஜை மேல் வைத்துத் தட்டினார். "ஐயா, என்கூடவே சொல்லுங்க. தண்... ணி... வே... ணும்." பெரியப்பா அவரை ஏதோ சங்கீத சபாவுக்குப் புதுசாகச் சேர்ந்த குழந்தை மாதிரி பார்த்தார். தன் கையை விடுவித்துக்கொண்டார். அவரே தட்டினார். நாலு தட்டு, ஒரு இடைவெளி. எனக்கு மட்டும் புரிந்தது. மிதி, நாடா, பலகை, பலகை. அது தறி.

"ஓ, இதுதான் உங்க தாளமா? சரி, இதிலேயே போவோம்" என்றார் மேடம். என்ன ஃபீஸ் கொடுத்தாலும் தகும், அந்த ஒரு வார்த்தைக்கு.

ஏன் என்று கேட்டால், 2011-ல் ஜெர்மனியில் ஸ்டால் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் பேச்சு போன 17 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பாடினால் வார்த்தை நன்றாக வருகிறதா, அல்லது தாளத்தோடு சும்மா சொன்னாலே வருகிறதா? முடிவு பாடகர்களுக்குக் கொஞ்சம் கசப்பு. ராகத்தைவிடத் தாளம்தான் தூக்கிவிடுகிறது. கூடவே, ரொம்ப நாள் வாயில் ஊறிப்போன வார்த்தையாக இருந்தால் இன்னும் சுலபம். ஆக, கைக்குப் பழகின தாளம், வாய்க்குப் பழகின வரி. நாற்பது வருஷம் தறியில் பாடினவரிடம் இந்த இரண்டுக்கும் பஞ்சமா?

நெசவும் பாட்டும் ஒட்டிப் பிறந்தது என் பெரியப்பாவோடு மட்டும் இல்லை. காசியில் கபீர் தறிக்காரர். பாவும் ஊடும்தான் அவர் பாட்டில் உடம்பாகவும் உயிராகவும் வரும். சீக்கியர்களின் குரு கிரந்த் சாகிப்பில் அவர் பாடல்கள் ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன. அதில் ஒன்றில் அவருடைய அம்மா அழுகிறாள். பையன் நெசவை விட்டுவிட்டு சாமி பேரைச் சொல்லிக்கொண்டு திரிகிறானே, இந்தக் குழந்தைகள் எப்படிப் பிழைக்கும் என்று! எங்கள் பெரியம்மா கூத்து சீசனில் பேசுகிற அதே டயலாக். மதுரையில் 1843-ல் சௌராஷ்டிர நெசவாளர் சமூகத்தில் பிறந்த நடனகோபால நாயகி சுவாமிகள், நாயகி வேஷத்தில் தெருவில் ஆடிப் பாடியே பேர் வாங்கினார்.

காஷ்மீரில் இன்னும் ஒரு படி மேல். அங்கே கம்பளத்துக்கும் சால்வைக்கும் டிசைனைப் படமாக வைத்துக்கொண்டு நெய்வதில்லை. எந்த நிறம், எத்தனை இழை என்று 'தாலிம்' எனப்படும் ஒரு குறியெழுத்தில் எழுதி வைப்பார்கள். கம்பளத் தறியில் ஒருவர் அதை ராகம் போட்டுச் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் பதில் குரல் கொடுத்துக்கொண்டே முடிச்சுப் போடுவார்கள். பாட்டை அப்படியே கம்பளமாக மாற்றுகிற தொழிற்சாலை! ஸ்காட்லாந்துத் தீவுகளில் ஒரு காலத்தில், தறியிலிருந்து இறங்கின கம்பளித் துணியை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் அடித்து அடித்துப் பதப்படுத்துவார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நம்மூர் நடவுப் பாட்டுதான், சேறு மட்டும் இல்லை. ஒரு துணிக்கு ஒரு தடவை பாடின பாட்டை மறுபடி பாடினால் ஆகாது என்று ஒரு நம்பிக்கை வேறு. எஃப்.எம். ரேடியோக்காரர்கள் காதில் போட்டுவைக்கலாம்.

இங்கே ஒரு ஜாக்கிரதை வார்த்தை. 'இசையால் எல்லா வியாதியும் குணமாகும்' என்று யாராவது சொன்னால் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் இதற்கென்றே காஸெட்டுகள் வந்தன. சர்க்கரைக்கு ஒரு ராகம், பி.பி.க்கு ஒரு ராகம், மூட்டு வலிக்கு ஒரு ராகம். என் பி.பி.யை ஏற்றுகிற குரல் எங்கள் மேனேஜருடையது. அது என்ன ராகம் என்று எந்தக் காஸெட்டிலும் போடவில்லை. முத்துஸ்வாமி தீட்சிதர் தன் சீடர் தம்பியப்பனின் வயிற்று வலிக்காக வியாழ கிரகத்தின் மேல் கிருதி பாடினார் என்பது சங்கீத உலகில் வழங்குகிற கதை. வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதனும் 'ராகா ரிசர்ச் சென்டர்' வைத்து இதில் ஆர்வமாக முயன்றார். மரியாதைக்குரிய முயற்சி. ஆனால் இன்ன ராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்பதற்குச் சோதனைச்சாலையில் உறுதியான சாட்சி இல்லை.

சாட்சி இருக்கிற இடங்கள் வேறே. ஆபரேஷனுக்கு முன்னால் வருகிற பதற்றத்தைப் பாட்டு கேட்பது குறைக்கிறதா என்று 26 பரிசோதனைகளை, 2,051 நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2013-ல் ஒரு காக்ரேன் ஆய்வு வந்தது. குறைக்கலாம் என்றது. பார்க்கின்சன் நோயில் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நடப்பவர்களை, தாளம் கேட்டுக்கொண்டே நடக்கப் பழக்கினார் மைக்கேல் தாவுட். தினம் அரை மணி, மூன்று வாரம். நடை வேகம் 25 சதவிகிதம் கூடியது என்று 1996-ல் எழுதினார். கவனியுங்கள், இங்கேயும் தாளம்தான்.

மனசு விஷயத்திலும் பாட்டு ஒன்றே போதும் என்று நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் ராபர்ட் டன்னஹில் என்று ஒரு நெசவாளி, 1774-ல் பிறந்தவர். புல்லாங்குழல் வாசிப்பார். தறியிலேயே ஒரு பலகையைப் பொருத்தி, நெய்துகொண்டே நாட்டுப்புற மெட்டுக்குப் பாட்டு எழுதுவார். ஊரே பாடியது. பதிப்பாளர் ஒருவர் புதுத் தொகுப்பைத் திருப்பி அனுப்பியதும் மனம் உடைந்து, எழுதியதை எல்லாம் கொளுத்தினார். 1810-ல் தண்ணீரில் மூழ்கி இறந்தார். முப்பத்தாறுகூட முடியவில்லை. தறி இருந்தது, பாட்டு இருந்தது, கேட்க ஜனமும் இருந்தது. உடம்புக்கு டாக்டரைத் தேடுகிற மாதிரி மனசுக்கும் தேட அன்றைக்கு இடம் இல்லை. நமக்கு இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அதைப் பல வருஷம் நடத்திய டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' அண்ணா நகர் மேற்கில் இருக்கிறது, நம் அம்பத்தூருக்குக் கூப்பிடு தூரம்.

பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாசத்தில் தட்டு மேல் தட்டாக 'தண்ணி வேணும்', 'போதும்', 'வலிக்குது' வந்தது. 'வலிக்குது' வந்த அன்றைக்கு எல்லாரும் சந்தோஷப்பட்டோம். உலகத்திலேயே அந்த வார்த்தையைக் கேட்டு கை தட்டின குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஆனால் தட்டாமல், பாடாமல், தானாக ஒரு வாக்கியம் வரவேண்டுமே? அது வந்தது மேடம் ரூமில் இல்லை. கீழ் வீட்டில் ஒரு அக்கா எஸ்டேட் கார்மென்ட்ஸுக்குப் பீஸ் ரேட்டில் தைக்கிறார். நாள் பூரா மெஷின் ஓடும். பெரியப்பா படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். தறிச் சத்தம் இல்லாத ஊரில் அவருக்கு அதுதான் கொஞ்சம் சொந்தக்காரன் மாதிரி. ஒரு நாள் மெஷினுக்குள் பாபின் நூல் தீர்ந்தது. அந்த அக்கா கவனிக்காமல் வெறுமனே தைத்துக்கொண்டே போகிறார். சத்தம் மாறியது அவருக்குத் தெரியவில்லை. மேலே இருந்தவருக்குத் தெரிந்துவிட்டது.

"தாரு தீந்துபோச்சு!"

நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றி வைக்கிற குழல்தான் தார். அது தீர்ந்தால் தறிக்காரர் குரல் கொடுப்பார், வீட்டில் யாராவது புதுத் தார் கொண்டுவந்து போடுவார்கள். நாற்பது வருஷம் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை பெரியம்மாவைப் பார்த்துச் சொன்ன வாக்கியம். பெரியம்மா அடுப்படியிலிருந்து பழைய ஞாபகத்தில் "தோ வந்துட்டேன்" என்று எழுந்து வந்துவிட்டாள். பாதி வழியில்தான் இது கள்ளிக்குப்பம், இங்கே தறி இல்லை என்று நினைவு வந்தது. படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அவர் சிரித்தார்.

காஞ்சிபுரத்தில் அவர்கள் தெருவிலும் இப்போது சத்தம் குறைச்சல்தான். 2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 43.31 லட்சம் பேர் இந்தத் தொழிலில் இருந்தார்கள். 2019-20-ல் 35.22 லட்சம். குழித் தறியில் காலம் தள்ளினவர்களின் முழங்காலையும் இடுப்பையும் பார்த்தவர்கள் பிள்ளைகளை அதில் உட்காரச் சொல்லமாட்டார்கள். என் அப்பா சொல்லவில்லை. அதனால்தான் நான் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து முதுகுவலி சம்பாதிக்கிறேன். பாட்டு இல்லாமல்.

போன பங்குனியில் செய்யாறு பக்கம் ஒரு திரௌபதியம்மன் கோயிலில் பாரதக் கூத்து. பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. பழைய கோஷ்டி. வாத்தியார் போன் பண்ணி, "சும்மாவாவது கூட்டிட்டு வா தம்பி, பெஞ்சில ஒக்காந்துகினு இருக்கட்டும்" என்றார். லீவு கேட்டேன். காரணம் என்று 'ஃபேமிலி ஃபங்ஷன்' போட்டேன்.

பெஞ்சில் மிருதங்கம், ஹார்மோனியம், தாளம், முகவீணை. முகவீணையில் இப்போது வேறொரு பையன். பெரியப்பா அவன் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை. அப்புறம் திரை பிடித்தார்கள். வாத்தியார் எடுத்தார். பின்பாட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது பாருங்கள்! இடது கை தொடையில் தாளம் போட, விடிய விடியப் பாடினார். கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பழைய ஆள் வந்துவிட்டார் என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

விடிகாலை ஐந்து மணி. கொட்டகைக்குப் பக்கத்தில் டீக்கடை. நான் காசு எடுக்கத் தாமதித்த நேரத்தில் பெரியப்பா தானே போய் நின்றார். கடைக்காரர் "இன்னா வேணும் பெரியவரே?" என்றார்.

"அது... வந்து... அது..."

கண் என்னைத் தேடியது. நான் வேண்டுமென்றே ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். இடது கை கடைப் பெஞ்சைத் தட்டியது. நாலு தட்டு, ஒரு இடைவெளி. அப்புறம் கட்டியங்காரன் மேடைக்கு வருகிற மெட்டில் ஒரு பாட்டு:

"டீ... யொண்ணு... வே... ணும்!"

கடை பூராச் சிரித்தது. ராத்திரி கூத்து இன்னும் முடியவில்லை என்று நினைத்துவிட்டார்கள். கடைக்காரரும் அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சக்கரை... எவ்ளோ... போ... டணும்?"

பெரியப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். இடது கை மறுபடியும் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தது.